உறுமியவர் யார்?

கோவில்பட்டியில் ஏறி, பையை மேலே வைக்க நீங்கள் திரும்பியபோதுதான் பார்த்தேன் தம்பி. பனியனின் முன்பக்கம் ஒரு சவப்பெட்டி, மூடி பாதி திறந்தபடி. முதுகில் வெள்ளை எழுத்தில் ஒரு கேள்வி, ‘உறுமியவர் யார்?’ அதற்குப் பிறகு கையில் இருந்த பேப்பரில் ஒரு வரி ஓடவில்லை. கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் சாத்தூர் வந்துவிட்டது. தப்பாக நினைக்காதீர்கள், இந்தப் பனியனை எங்கே வாங்கினீர்கள்?

ஆன்லைனிலா. சரி. பெங்களூரில் நாளைக்கு நடக்கிற கச்சேரிக்குத்தான் போகிறீர்கள், அதுவும் சரி. கச்சேரி என்று சொல்லக் கூடாதோ? ஷோவா? எங்கள் காலத்தில் அதையும் கச்சேரி என்றுதான் சொன்னோம். வேறு வார்த்தை எங்களிடம் இல்லை.

அந்த உறுமியவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?

செத்துப்போய்விட்டாரா! கப்பல் வேலைக்குப் போய், நடுக்கடலில் விழுந்து, உடம்புகூடக் கிடைக்கவில்லையா. நல்ல கதை. கப்பல் சம்பந்தமான வேலை என்பது வரைக்கும் உண்மை. ஷிப்பிங் ஏஜென்சியில் கிளியரிங் பிரிவு, ஏ.சி. அறையில் நாற்காலி. கடலில் கால் நனைப்பதென்றாலே எனக்குப் பயம்.

சிரிக்காதீர்கள். அந்தக் குரல் என்னுடையது.

நம்ப மாட்டீர்கள், தெரியும். வெள்ளைச் சட்டை, உச்சிவரை ஏறிவிட்ட நெற்றி, மடியில் டிபன் டப்பா. என் பெயர் ஆசீர். எங்கள் திருச்சபையில் செயலர் ஆசீர் என்பார்கள். இந்தப் பாட்டைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சம். கூச்சம் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

கொஞ்சம் மெதுவாகவே பேசுகிறேன். இதே பெட்டியில் எங்கேயோ எங்கள் சபைக்காரர் ஒருவர் இருக்கிறார், தங்கத்துரை அண்ணாச்சி. தூத்துக்குடி ஸ்டேஷனில் அவர் ஏறுவதைப் பார்த்ததும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர் கதை பிறகு வரும்.

முதலில் பாட்டு. ரோலண்ட் என்று எனக்கு ஒரு சிநேகிதன், கிட்டார் வாசிப்பான். அவன் அண்ணன் கப்பலில் சமையல்காரர். ஊருக்கு வரும்போதெல்லாம் வெளிநாட்டு மாலுமிகள் விட்டுப்போன கேசட்டுகளை அள்ளிக்கொண்டு வருவார். அட்டையில் பாழடைந்த ஒரு கோயில் இருக்கும், பனி இருக்கும், கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண் இருப்பாள். கேட்டால், ஒருத்தி வானத்திலிருந்து பாடுவாள், ஒருவன் பாதாளத்திலிருந்து உறுமுவான், நடுவில் கிட்டார் இடி மாதிரி உருளும். நீங்கள் அதற்கு காதிக் மெட்டல் என்று பெயர் சொல்கிறீர்கள். எங்களுக்குப் பெயர் தெரியாது. ரோலண்ட் வீட்டு மாடியில், சாயங்கால வெயிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்குப் பின்கழுத்து சில்லிட்டது.

"நம்ம ஊர்ல பனி கெடையாது மக்கா. ஆனா செத்த வீடு இருக்குல்லா" என்றான் ரோலண்ட்.

அதுதான் ஆரம்பம். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால், உடம்பு வீட்டில் கிடக்கிற நேரமெல்லாம் பாட்டுதான். பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்து சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். சபையில் யார் போனாலும் முதலில் ஆள் அனுப்புவது பியூலாவுக்கு. பள்ளிக்கூட டீச்சர். கல்யாண வீட்டுக்கு அவளைப் பாடக் கூப்பிட மாட்டார்கள், வாயைத் திறந்தால் பொண்ணு வீட்டுக்காரர்கள் அழுதுவிடுகிறார்கள் என்று. அந்தப் பியூலாதான் இன்றைக்கு என் வீட்டுக்காரி. அப்போது இல்லை. அப்போது எங்கள் குழுவுக்கு அவள்தான் வானத்துக் குரல்.

‘நேரமாச்சு’ பாட்டை எழுதியது நான். எழுதியது என்றால், அவள் சொன்னாள், நான் எழுதினேன். கையெழுத்து என்னுடையது. அவள் அம்மா போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, அவள் என்னென்னவோ சொல்வாள், அதை ஒழுங்குபடுத்த ஒரு ஆள் வேண்டாமா? ஒழுங்குபடுத்தினேன் என்றும் சொல்ல முடியாது, ஒரு சொல்லையும் மாற்ற விடமாட்டாள். உங்களுக்குத்தான் மனப்பாடமாக இருக்குமே. பெட்டிக்குள் கிடக்கிறவள் பாடுகிறாள்.

*சேலை மடிப்பை நீவி விடாதே,*
*நான் எங்கும் நடக்கப் போவதில்லை.*
*அடுப்பில் பால் வைத்தேன், யாராவது பாருங்கள்.*
*என் கண்ணாடியைக் கழற்றாதே,*
*உன் முகம் எனக்குத் தெரியாமல் போகும்.*

ஒவ்வொரு அடிக்கும் பிறகு என் உறுமல். ஒரே சொல். நேரமாச்சு. அவ்வளவுதான். நேரமாச்சு, நேரமாச்சு. நான் மரணம். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற மரணம். அப்படித்தான் நான் பாடினேன், அப்படித்தான் எல்லோரும் கேட்டீர்கள்.

தாளத்தில் முதலில் ரோலண்ட் ஓட்டமாக ஓடினான். பியூலாதான் நிறுத்தினாள். "பெட்டி தூக்கிட்டுப் போறவங்க ஓடுவாங்களாண்ணே? அவங்க நடக்கிற மாதிரி வாசிங்க" என்றாள். அதன் பிறகுதான் பாட்டு பாட்டாயிற்று. கிட்டார் கம்பியைத் தளர்த்தித் தளர்த்தி, துணி காயப்போடுகிற கொடி மாதிரித் தொங்கவிட்டான் ரோலண்ட். அந்தக் கனத்துக்கு மேலே அவள் குரல் அலுங்காமல் போகும். ஆராதனையில் எப்படிப் பாடுவாளோ அப்படியே. இழுப்பு, அழுகை, ஒன்றும் கிடையாது. அவள் அழாததுதான் பயமாக இருக்கும்.

ஆரம்பத்தில் ஒரு மணிச் சத்தம் வருமே, அது எங்கள் கோயில் மணி. துக்க மணிக்கு ஒரு கணக்கு உண்டு, ஒரு அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு அடி. சும்மா அடிக்கக் கோயில்குட்டியார் சம்மதிப்பாரா? மணி அடிப்பதும் கோயிலைத் திறந்து பூட்டுவதும் அவர் வேலை, யாரும் சாகாமல் துக்க மணி அடித்தால் வேலை போய்விடும். அதனால் யாராவது சாகட்டும் என்று டேப்ரிக்கார்டரோடு காத்திருந்தோம். ஆமாம், காத்திருந்தோம். ஒரு பெரியவர் போனார், பதிவு செய்தோம். வீட்டில் பாட்டைப் போட்டுக் கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரம்மா தலையில் முக்காட்டோடு வந்து நின்றார். "யாருடே போயிட்டா? எனக்கு ஆள் சொல்லி விடலியே!"

உறுமலுக்கு நான் பட்ட பாடு வேறு. தொண்டையில் உறுமினால் புண்ணாகிவிடும். அடிவயிற்றிலிருந்து மூச்சை ஏற்றி, நெஞ்சில் நிறுத்தி, வாயை அகலத் திறக்காமல் விட வேண்டும். உப்பளத்துப் பக்கம் போய்ப் பழகினேன். அங்கே ஆள் இருக்காது. இருந்த நாய்களும் போய்விட்டன.

கேசட்டில் யார் பெயரும் போடவில்லை. எல்லோருக்கும் வீட்டுப் பயம். குழுவின் பெயர் மட்டும், ‘சாம்பல் புதன்’. அட்டைக்கு ஒரு படம் வேண்டுமே என்று, பியூலா அவள் அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றாள். கொஞ்சம் விற்றது, மிச்சம் ரோலண்ட் வீட்டுப் பரணில் கிடந்தது. அவன் துபாய் போனான். நான் பியூலாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். முடிந்தது.

மாமனார் ரயில்வேயில் இருந்தவர். அவரைப் போல நேரம் பார்க்கிற மனிதரை நான் கண்டதில்லை. மாமியாரின் அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன், பெட்டியின் கால்மாட்டில் நின்றேன். பிள்ளைகள் முத்தம் கொடுக்கிறார்கள், பியூலா அம்மாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாச்சு, மூடுங்க" என்றார். குழி வெட்டியவர்கள் காத்திருக்கிறார்கள், வெளிச்சம் போய்விடும், யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆகவேண்டும்? அவரிடமிருந்துதான் நான் நேரம் தவறாமையைக் கற்றுக்கொண்டேன். போன வருஷம் வரைக்கும் பாடகர் குழுப் பயிற்சி முடிய ஐந்து நிமிஷம் பிந்தினால் கோயில் வாசலில் ஸ்கூட்டர் ஹார்னை அடித்துக்கொண்டே இருப்பேன். பியூலா பாட்டை நடுவில் விட்டுவிட்டு ஓடிவருவாள். மற்றப் பெண்கள், "உங்க ஹார்ன் வந்துட்டுக்கா" என்று கேலி செய்வார்களாம். செய்யட்டுமே. ஒரு ஒழுங்கு வேண்டாமா?

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். பாட்டு செத்தது என்று நாங்கள் நினைத்தோம், அது சாகவில்லை. காலேஜ் ஹாஸ்டல்களில் கேசட்டிலிருந்து கேசட்டுக்கு மாறி மாறிப் போயிருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் அதை யூடியூபில் ஏற்றியிருக்கிறான். மலேசியாவில் ஒரு குழு அவர்கள் பாணியில் பாடியிருக்கிறது, கொழும்பில் இன்னொன்று. கீழே ஜனங்கள் எழுதியிருப்பதைப் படித்திருக்கிறீர்களா? ஒரு பெண், அம்மாவின் கண்ணாடியை இன்னும் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாள். நான் ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த மாதிரி எழுதியதையெல்லாம் தாண்டித் தாண்டிப் போவேன். ‘அந்த ஆண் குரல்’ என்று எங்கே வருகிறது என்று தேடுவேன். ‘முதுகெலும்பில் ஐஸ் வைத்த மாதிரி இருக்கிறது’ என்று ஒருவர். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு இரண்டு சப்பாத்தி கூடச் சாப்பிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. பியூலாவுக்கு இதெல்லாம் எதற்கு?

போன நவம்பரில் ஆரம்பித்தது வினை. கல்லறைத் திருநாள். கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சபை முழுக்கக் குடும்பம் குடும்பமாக நிற்கிறது. பிள்ளைகள் கல்லறைக்குக் கல்லறை தாவுகிறார்கள். அந்த வெயிலில் கறுப்புச் சட்டையோடு ஒரு கூட்டம் வந்தது. உங்களை மாதிரிப் பிள்ளைகள்தான், மரியாதையான பிள்ளைகள். கேசட் அட்டைப் படத்தை வைத்து என் மாமியார் கல்லறையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், ஒரு சின்ன ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டார்கள். முதலில் மணி. கிழடுகட்டைகளெல்லாம் கோயிலைத் திரும்பிப் பார்த்தன. பிறகு பியூலா குரல். பிறகு நான்.

ஒரு குழந்தை வீரிட்டது. "நிறுத்துங்கடே அந்தப் பேய்ப்பாட்ட!" என்று யாரோ கத்தினார்கள். நான் பூக்கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு வேறு யாருடைய கல்லறையையோ அலங்கரிக்கப் போய்விட்டேன். பியூலா நகரவில்லை. அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று பாட்டு முடியும்வரை கேட்டாள். முடிந்ததும் அந்தப் பிள்ளைகளிடம் போய், "பொரி இருக்கு, சாப்பிடுதீங்களா?" என்று கேட்டாளாம்.

தம்பி, சபைத் தேர்தல் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதனிடம் சட்டசபைத் தேர்தல் பிச்சை வாங்க வேண்டும். போன வருஷம் நான் செயலர் பதவிக்கு நின்றேன். வருஷக்கணக்காக நாற்காலி போட்டிருக்கிறேன், அசன விருந்துக்குச் சோறு கிளறியிருக்கிறேன், அதற்கு ஒரு மரியாதை வேண்டும் என்று நினைத்தேன். எதிரணி தங்கத்துரை அண்ணாச்சி. டிசம்பரில் கமிட்டிக் கூட்டம். அண்ணாச்சி எழுந்தார், செல்போனை மேஜையில் வைத்தார், பாட்டைத் தட்டிவிட்டார். மணி அடித்ததும் எங்கள் பாதிரியார் ஐயர், "யாரு போயிட்டா?" என்று ஜெபத்துக்குக் கண்ணை மூடிவிட்டார். அப்புறம் என் உறுமல் வந்தது. ஐயர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"செயலராகப் போறவரு குரலு. நல்லாக் கேளுங்க ஐயா" என்றார் அண்ணாச்சி.

ஐயர் என்னைப் பார்த்தார். "ஆசீர், இது நீங்களா?"

"இல்லைங்க ஐயா. என் குரல் இல்ல."

"அந்தப் பொண்ணு குரல்?"

பெண்கள் சங்கத்தின் சார்பில் பியூலாவும் கூட்டத்தில் இருக்கிறாள். ஜன்னல் பக்கம், மூன்றாவது பெஞ்சு. நான் அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னேன், "அது வேற யாரோ ஐயா. என் வீட்டுக்காரி அடக்க ஆராதனைக்குப் பாடுறவ. இந்த மாதிரிப் பேய்ப்பாட்டெல்லாம் பாடமாட்டா."

அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன். நீங்களே சொல்லுங்கள், வேறு எதற்கு?

அவள் எழுந்தாள். ஆராதனையில் எழுகிற மாதிரி, சேலையைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக. "ஐயா, அந்தப் பொண்ணு குரல் என்னுது. எங்கம்மாவுக்காகப் பாடினது. அந்த ஆம்பளக் குரல் யாருதுன்னு எனக்குத் தெரியாது" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஜெயித்தேன். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தேன். பியூலா கொஞ்ச காலத்துக்குப் பாடகர் குழுவில் நிற்க வேண்டாம், ஆராதனையில் பாட வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்தது. தீர்மானத்தில் செயலர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டேன். அன்றைக்குக் கழுத்தில் மாலையோடு வீட்டுக்குப் போனேன். தட்டு வைத்தாள். "செயலர் ஐயாவுக்கு இன்னொரு தோசை வைக்கட்டா?" என்றாள். அன்றையிலிருந்து எனக்கு வீட்டில் பெயர் செயலர் ஐயா. அதிலே கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிடுகிறாள்.

அந்த வாரமே, எங்கள் தெருவில் ஒரு அம்மா தவறிப்போனார். அவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லி வைத்திருந்தாராம், என் பெட்டிக்குப் பக்கத்தில் பியூலாதான் பாடணும் என்று. மகன் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டான். பியூலா, "கமிட்டிதான் முடிவு பண்ணணும் தம்பி. செயலர் இங்கதான் இருக்காரு, கேளுங்க" என்று என்னைக் காட்டினாள். அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன் என்று சொன்னேன். சாவு அடுத்த கூட்டம்வரை காத்திருக்குமா? செல்போனில் யாரோ பாடிய பாட்டைப் போட்டு அடக்கம் செய்தார்கள். குழிக்குப் பக்கத்தில் நிற்கும்போது பாட்டுக்கு நடுவில் விளம்பரம் வந்தது. ஏதோ சிமெண்ட் விளம்பரம். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா தம்பி? கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

விருதுநகர் தாண்டிவிட்டோமா? சரி, சரி. சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஜனவரியில் பெங்களூர்ப் பிள்ளைகள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நாளைக்கு வாசிக்கப் போகிற குழுதான். கமிட்டிக் கூட்டத்தில் பியூலா சொன்னது யார் மூலமாகவோ வெளியே போயிருக்கிறது. அம்மா எங்களோடு மேடையில் பாட வேண்டும் என்று கேட்டார்கள். நான், "அவ இப்ப பாடுறதில்ல" என்றேன். பியூலா சமையலறையிலிருந்து டீத் தட்டோடு வந்தாள். "கிட்டார எவ்வளவு எறக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அவர்கள் நாலு பேரும் தரையில் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் என் வீட்டில் விருந்தாளி மாதிரி ஓரத்து நாற்காலியில் இருந்தேன்.

அவர்களில் ஒரு பெண் கேட்டாள், "ஆன்ட்டி, அந்த உறுமல் பாடினவர்?"

பியூலா என் கையில் டீயைக் கொடுத்துக்கொண்டே, "அவரு போயிட்டாருப்பா" என்றாள். "சாருக்குச் சீனி கம்மி" என்றும் சொன்னாள்.

பிள்ளைகள் முகம் வாடிப்போயிற்று. அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "அங்கிள், உங்களுக்கு அவரத் தெரியுமா?" என்று கேட்டாள். வாய் வரைக்கும் வந்தது. நான் செயலர். வாசலில் யார் யார் நிற்கிறார்களோ. "பார்த்த ஞாபகம் இல்லம்மா" என்றேன். பியூலா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகுதான் உங்கள் பனியன் வந்தது. கடலில் விழுந்த கதையும் வந்தது.

போன வாரம் ஒரு பேட்டி. நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஒரு பையன் செல்போனைப் பிடித்துக்கொண்டு அவளிடம் கேட்கிறான், அந்தப் பாட்டில் உறுமுவது மரணம்தானே என்று. அவள் சிரிக்கிறாள். "மரணம் இல்லீங்க. அது புருஷன். மரணத்துக்கு என்ன அவசரம்? பால் பொங்குதுன்னு மரணத்துக்கிட்ட யாராவது சொல்லுவாங்களா? புருஷன்கிட்டத்தான் சொல்லுவாங்க" என்கிறாள்.

ஆபீஸில் கதவைச் சாத்திக்கொண்டுதான் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். இத்தனை வருஷம் நான் மரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் தம்பி. கறுப்பு அங்கி, அரிவாள், என்னென்னவோ கற்பனை செய்துகொண்டு உறுமினேன். என் மாமனாரைத்தான் சொல்லியிருக்கிறாள். நிச்சயமாக அவரைத்தான். என்னை இல்லை. அப்போது எங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லையே, என்னை எப்படிச் சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏன் அன்னைக்கே எங்கிட்ட சொல்லல? புருஷன்னு சொல்லியிருந்தா வேற மாதிரிப் பாடியிருப்பேன்ல?"

அவள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள், பெங்களூர் பயணத்துக்கு. நிமிராமலே சொன்னாள், "சொல்லாமலே சரியா வந்துச்சே, செயலர் ஐயா."

ரிகர்சல் என்று அவள் முன்னாடியே போய்விட்டாள். வாசலில் ஆட்டோ நின்றது. அவள் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்து, பாலை ஃபிரிட்ஜில் வைத்து, என் கண்ணாடியைத் தேடி எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு சொல்தான் எனக்கு வரும். அவள் வெளியே போய் ஆட்டோவில் ஏறினாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். பெண்கள் ஊருக்குப் போகும்போது பாக்கலாம் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் தம்பி? உங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. உங்களிடம் கேட்டு என்ன பிரயோஜனம்.

நான் வருவது அவளுக்குத் தெரியாது. மேடைக்கு வருவதாகவும் இல்லை. மேடையில் உறுமுவதற்கு வேறு ஆள் வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

என்ன? வைக்கவில்லையா?

அந்த இடம் வரும்போது வாத்தியத்தையெல்லாம் நிறுத்திவிடுவார்களா. கீழே நிற்கிற கூட்டம்தான் உறுமுமா. அவருக்கு மரியாதையாக. அவருக்கு. அதாவது எனக்கு.

இருங்கள், கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அப்படியென்றால் அவள் தனியாக மேடையில் நிற்பாள், இருட்டில் அத்தனை பேரும் அவளைப் பார்த்து நேரமாச்சு, நேரமாச்சு என்று உறுமுவார்கள். அவள் பதில் பாடுவாள். சரி. நானும் கூட்டத்தில் ஒரு ஓரத்தில் நிற்கிறேன். நானும் உறுமுகிறேன். யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியுமா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். எந்தக் கூட்டத்திலும் அவள் காதுக்கு என் சத்தம் தப்பாது, அத்தனை வருஷம் ஹார்ன் அடித்திருக்கிறேன். தெரிந்தால் என்ன செய்வாள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இன்னும் வருகிறதா என்றா கேட்கிறீர்கள்? இங்கே எப்படி? ஜனங்கள் இருக்கிறார்கள். அந்த அம்மா குழந்தையைத் தூங்கப் பண்ணியிருக்கிறார். இதோ மதுரை வரப்போகிறது, வண்டி கிளம்பினதும் வைகைப் பாலம் வரும். பாலத்தில் சத்தம் அதிகம், ஒருவருக்கும் கேட்காது. அப்போது ஒரு தடவை காட்டுகிறேன். நீங்கள் மட்டும் கேளுங்கள்.

வாங்க அண்ணாச்சி! நீங்களும் இந்த வண்டிதானா? பார்க்கவே இல்லையே. இட்லியா, நல்லது. அங்க கூட்டமா இருக்கா, அப்ப இப்படி இந்த ஓர சீட்டுல உக்காந்து சாப்பிடுங்க. நானா? பெங்களூர்ல ஒரு கல்யாணம். பியூலா முன்னாடியே போயிட்டா. எங்க சொந்தத்துலதான், தூரத்துச் சொந்தம், உங்களுக்குத் தெரியாது. இந்தத் தம்பியா? தெரியாது அண்ணாச்சி, கூட வர்றவரு. ஆமா, பனியன்ல என்ன கண்றாவியோ. இந்தக் காலத்துப் பிள்ளைங்க. நீங்க சாப்பிடுங்க.

அப்படிப் பார்க்காதீர்கள் தம்பி.

அவர் இட்லியில் இருக்கிறார், மெதுவாகப் பேசினால் கேட்காது. பியூலாவும் இப்படித்தான் பார்ப்பாள். கல்யாணம் என்று ஏன் சொன்னேன்? அவர் எங்கே என்றுதான் கேட்டார், கல்யாணத்தை நானாகத்தான் சேர்த்தேன். ஜெயித்தாயிற்று, பதவியில் உட்கார்ந்தாயிற்று, இன்னும் என்ன பயம்? எனக்கே புரியவில்லை. வாயைத் திறந்தால் அதுவாக வருகிறது. மற்றதற்குத்தான் அடிவயிற்றிலிருந்து மூச்சை ஏற்ற வேண்டியிருக்கிறது.

மதுரையிலிருந்து வண்டி கிளம்பிவிட்டது. இல்லை, சொன்னது சொன்னதுதான். அவர் இருந்தால் என்ன, பாலத்தின் சத்தத்தில் கேட்கவா போகிறது.

கவனியுங்கள், சக்கரத்தின் சத்தம் மாறுகிறது. இரும்பு. இதுதான். கிட்ட வாருங்கள்.

நேரமாச்சு... நேரமாச்சு... நேரமா...

பாலம் முடிந்துவிட்டதா? இவ்வளவு சின்னப் பாலமா இது?

எல்லோரும் பார்க்கிறார்கள். குழந்தை எழுந்துவிட்டது. மன்னிச்சுக்கோங்கம்மா, மன்னிச்சுக்கோங்க, ஒண்ணுமில்ல.

என்ன அண்ணாச்சி? இல்ல, நெஞ்சுவலியெல்லாம் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். இட்லி கீழ விழுது பாருங்க. சத்தமா? அந்தத் தம்பிய ஏன் முறைக்கீங்க, அவரு இல்ல. நான்தான். ஆமா அண்ணாச்சி, நான்தான். அன்னைக்குக் கமிட்டியில நீங்க போட்டுக் காட்டினீங்களே, அதுவும் நான்தான். நான் பொய் சொன்னேன். கல்யாணத்துக்கும் போகல. அந்தப் பாட்டக் கேக்கத்தான் போறேன். என் பாட்டு அண்ணாச்சி அது.

இல்ல, இருங்க. என் பாட்டு இல்ல. பியூலா பாட்டு. அதுல எனக்கு ஒரே ஒரு சொல்லுதான்.